ப்ளாக்பெரி பந்தலுக்கு பர்சனல் லோனா? மரக்காணத்துல அந்தக் கணக்கு நிக்காது



நேரா விஷயத்துக்கு வந்துடறேன். வீட்டுத் தோட்டத்துல ப்ளாக்பெரி போடறதுக்காக கடன் வாங்காதீங்க. அதுவும் மரக்காணம், கூனிமேடு, அனுமந்தைன்னு உப்பளக் காத்து அடிக்கிற பக்கம் உங்க வீடோ மனையோ இருந்தா, கடன் மட்டும் இல்ல, கைக்காசையும் அதுல போடாதீங்க. ஆசைக்கு ரெண்டு தொட்டி வாங்கி வைக்கிறது வேற. அது சினிமா டிக்கெட் மாதிரி, போனா போகுது. நான் சொல்றது அதை "முதலீடு"ன்னு பேர் வச்சு பண்றவங்களுக்கு.

ஒரு சி.ஏ. எதுக்கு செடியைப் பத்தி பேசறாங்கன்னு கேக்கலாம். என் கிட்ட வரி தாக்கல் பண்ற ஒரு தம்பி, 28 வயசு, சிறுசேரியில ஐ.டி. வேலை, கொண்டு வந்த ஒரு எக்செல் ஷீட்தான் காரணம். சொந்த ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்துல. வீட்டுக்குப் பின்னாடி பத்து சென்ட். அப்பா முப்பது வருஷம் உப்பளத்துல வேலை பார்த்தவர். அம்மா அந்தப் பத்து சென்ட்ல கோவைக்காய் பந்தல் போட்டு, வீட்டுக்குப் போக மிச்சத்தை பக்கத்து கடைக்குக் குடுக்கறாங்க. தம்பியோட திட்டம்: அந்தப் பந்தலைப் பிரிச்சுட்டு, 100 ப்ளாக்பெரி செடி, இரும்புக் கம்பம், கம்பி, சொட்டுநீர் எல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்கு ஒரு "பேக்கேஜ்". விக்கிறவங்களே பழத்தை திரும்ப வாங்கிக்குவாங்களாம். 3 லட்சமும் பர்சனல் லோன், 13 சதவீதம், மூணு வருஷம்.

ஷீட் ரொம்ப அழகா இருந்துச்சு. செடிக்கு 3 கிலோ, கிலோ 600 ரூபாய், 100 செடி, ஆக வருஷம் 1,80,000. ரெண்டே வருஷத்துல போட்ட காசு கைக்கு வந்துடுமாம்.

அந்த ஷீட்ல எந்தெந்த வரி காணோம்னு பாப்போம்.

முதல்ல செடியைப் பத்தி

ப்ளாக்பெரியோட வேர் பல வருஷம் இருக்கும். ஆனா அதோட கிளை ரெண்டு வருஷம்தான். முதல் வருஷம் பச்சையா வளரும், பெரும்பாலான ரகங்கள்ல காய்க்காது. ரெண்டாவது வருஷம் அதே கிளை பூத்து, காய்ச்சு, காஞ்சு போயிடும். காஞ்சதை வெட்டி எடுக்கணும், புதுசா வர்ற கிளையை நுனி கிள்ளி, கம்பியில கட்டி விடணும். இது வருஷா வருஷம் நடக்கணும். விட்டா முள்ளுப் புதர்தான். அதுக்குத்தான் கம்பம், குறுக்குச் சட்டம், ரெண்டு மூணு வரிசை கம்பின்னு வீடியோல எல்லாம் அவ்வளவு சுத்தமா காட்டறாங்க.

இப்போ நிதிக் கண்ணோட பாருங்க. பழம் வரணும்னா கொறஞ்சது ஒரு வருஷம் ஆகணும். இ.எம்.ஐ.க்கு அந்தப் பொறுமை கிடையாது. 3 லட்சம், 13 சதவீதம், 36 மாசம்னா மாசம் சுமார் 10,100 ரூபாய். பழமே இல்லாத முதல் வருஷத்துல மட்டும் 1,21,000 ரூபாய்க்கு மேல சம்பளத்துலேர்ந்து போகும். மொத்தமா வட்டி மட்டும் 64,000 பக்கம். ஷீட்ல வட்டிக்கு ஒரு காலம் கூட இல்ல.

சரி, ரெண்டாவது வருஷம் பழம் வருமா? அங்கதான் பெரிய சிக்கல். ப்ளாக்பெரிக்கு குளிர் தூக்கம் வேணும். சுமார் 7 டிகிரிக்குக் கீழ, ரகத்தைப் பொறுத்து 200 மணி நேரத்துலேர்ந்து 900 மணி நேரம் வரைக்கும் குளிர் கிடைச்சாதான் மொட்டு ஒழுங்கா விடும். மரக்காணத்துல மார்கழி விடியக்காலையில கூட 18 டிகிரிக்குக் கீழ இறங்கறது அபூர்வம். 7 டிகிரி வேணும்னா ஃப்ரிட்ஜுக்குள்ளதான் நடணும். ஊட்டி, கொடைக்கானல்ல சோலை ஓரமா இதே குடும்பத்துச் செடி காட்டுத்தனமா வளருது, மைசூர் ராஸ்ப்பெரின்னு சொல்லுவாங்க. ஊட்டி 2,200 மீட்டர் உயரத்துல இருக்கு. மரக்காணம் கடல் மட்டத்துல இருக்கு. அங்க வர்றது இங்க வராது.

"இல்ல மேடம், குளிர் வேண்டாத ரகம் இருக்கே"ன்னு தம்பி சொன்னாப்ல. உண்மைதான். அமெரிக்காவுல ஆர்கன்சா பல்கலைக்கழகம் முதல் வருஷக் கிளையிலேயே காய்க்கிற ரகங்களை 2004லேர்ந்து வெளியிட்டிருக்கு. ஆனா அந்த ரகங்களுக்கு பூக்கிற நேரத்துல 30 டிகிரிக்கு மேல வெயில் போனா காய் சரியா பிடிக்காது. நம்ம கடற்கரையில வருஷத்துல பெரும்பகுதி அதுக்கு மேலதான். குளிர்ப் பிரச்சினையைத் தீர்த்தா வெயில் பிரச்சினை வந்து உக்காருது.

அடுத்தது உப்பு. உப்பளம் இருக்கிற ஊர்ல உப்பைப் பத்தி ஒரு வரி கூட இல்லாம ஷீட் போட்டவங்க தைரியத்தைப் பாராட்டணும். பயிர்களோட உப்பு தாங்கும் அளவுக்கு உலக உணவு வேளாண் நிறுவனத்தோட ஒரு பழைய அட்டவணை இருக்கு. மண்ணோட உப்புத்தன்மையை டெசிசீமென்ஸ்ங்கிற அலகுல அளப்பாங்க, நம்ம லேப் ரிப்போர்ட்ல "ஈ.சி."ன்னு வரும். ப்ளாக்பெரிக்கு 1.5 வரைக்கும்தான் நட்டம் இல்லை. அதுக்கு மேல ஒவ்வொரு அலகுக்கும் மகசூல்ல 22 சதவீதம் போகும். மண் 4 காட்டுச்சுன்னா 55 சதவீதம் காலி. 6 காட்டுச்சுன்னா கிட்டத்தட்ட பூஜ்யம். கடல் தண்ணி சுமார் 50.

நம்ம பக்கம் கிணத்துத் தண்ணி எப்படின்னு உங்க வீட்டுப் பெரியவங்களுக்கே தெரியும். மழை முடிஞ்ச தை மாசத்துல நல்லா இருக்கும், சித்திரையில கரிக்கும். சொட்டுநீர் போட்டாலும் அதே தண்ணிதான் சொட்டு சொட்டா போகும்.

கம்பத்தோட கதை தனி

தாங்குகோல் செலவை ஷீட்ல ஒரே தடவை எழுதியிருந்தாங்க, 90,000 ரூபாய், அதோட முடிஞ்சுது. அக்கவுண்ட்ஸ்ல தேய்மானம்னு ஒண்ணு இருக்கு. அது மத்த ஊர்ல மெதுவா நடக்கும், உப்புக் காத்துல வேகமா நடக்கும். நீங்க ஈ.சி.ஆர். ஓரமா இருக்கிற எந்த வீட்டு ஜன்னல் கம்பியையும் பாருங்க, புரியும். துத்தநாகம் பூசின கம்பியும் கடலோரத்துல சீக்கிரம் துருப்பிடிக்கும்.

துருவாவது நின்னு கொல்லும். புயல் அன்னைக்கே கொல்லும். 2011 டிசம்பர் 30 தானே, 2020 நவம்பர்ல நிவர், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல். மூணுமே புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையைக் கடந்த புயல்கள். ஃபெஞ்சல் அப்போ விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. பதினாலு வருஷத்துக்குள்ள மூணு அடின்னா, அதை "எதிர்பாராத செலவு"ன்னு சொல்ல முடியாது. பட்ஜெட்ல அதுக்கு ஒரு வரி இருக்கணும்.

தம்பியோட அம்மா என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? சவுக்குக் கழி. அந்தப் பக்கம் சவுக்குத் தோப்புக்குப் பஞ்சமே இல்ல. மண்ணுக்குள்ள போற அடிப்பகுதிக்கு தார் பூசி நட்டு, மேல கயிறு. புயல்ல சாஞ்சா, அடுத்த வாரம் நாலு கழி மாத்தி நிமித்திடுவாங்க. கோவைக்கு தண்டை வெட்டி நட்டாலே போதும், செடி விலை கூட கிடையாது. காய் பறிக்க ஆளு தேவையில்ல, அவங்களே பறிக்கறாங்க. ஒரு எம்.பி.ஏ. வகுப்புல "குறைந்த மூலதனம், எளிதில் மாற்றக்கூடிய சொத்து"ன்னு இதுக்கு ஒரு ஸ்லைடு போடுவாங்க. அந்த அம்மாவோட பந்தலைப் பிரிக்கிறதுதான் திட்டத்தோட முதல் படின்னு பார்த்தப்போ எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு.

"திரும்ப வாங்கிக்கறோம்"

இந்த வார்த்தையைக் கேட்டாலே உங்களுக்கு 2012 ஞாபகம் வரணும். அப்போ நீங்க ஸ்கூல் படிச்சிருப்பீங்க. ஈரோடு மாவட்டம் பெருந்துறையில ஈமு கோழி. குஞ்சு நாங்க தர்றோம், தீவனம் தர்றோம், மாசா மாசம் பணம் தர்றோம், வளர்ந்த கோழியை நாங்களே எடுத்துக்கறோம்னு சொன்னாங்க. சினிமா நடிகர்கள் வந்து விளம்பரம் பண்ணாங்க. 2012 ஆகஸ்ட்ல எல்லாம் விழுந்துச்சு. கோழிக்குத் தீவனம் போடக் கூட ஆள் இல்லாம அரசாங்கம் தலையிட வேண்டியதாச்சு. அதுக்கு முன்னாடி 1990கள்ல அனுபவ் தேக்குத் திட்டம். 1998ல நொறுங்குச்சு. உங்க அப்பா, சித்தப்பா யாராவது சான்றிதழ் வச்சிருந்தா கேட்டுப் பாருங்க. அந்த மாதிரி தோட்டத் திட்டங்களாலதான் 1999ல செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு தனி விதிமுறை கொண்டு வந்துச்சு. அதுக்கப்புறமும் விவசாய நிலம்னு சொல்லி வசூல் பண்ணின பி.ஏ.சி.எல். நிறுவனத்தை, சுமார் 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி 2014ல செபி உத்தரவு போட்டுச்சு.

இந்த எல்லாத்துலயும் பொருள் நிஜம். ஈமு நிஜக் கோழி, தேக்கு நிஜ மரம். வெளி மார்க்கெட்ல அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லைங்கிறதுதான் பொய். அதனால திரும்ப வாங்கறோம்னு யாராவது சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நீங்க வாங்கலைன்னா நான் யாருக்கு விக்கிறது?" ப்ளாக்பெரி பறிச்சா ரெண்டு மூணு நாள் தாங்கறதே பெருசு. பறிச்சப்புறம் பழுக்கவும் செய்யாது. குளிர் வண்டி இல்லாம மரக்காணத்துலேர்ந்து சென்னை வரைக்கும் போறதுக்குள்ள பாதி சாறாயிடும்.

இன்னொண்ணு. உங்க சொந்த நிலத்துல, உங்க பேர்ல செடியை வித்துட்டு ஒப்பந்தம் போட்டா, அதை கூட்டு முதலீட்டுத் திட்டம்னு செபி கிட்ட கொண்டு போறதும் கஷ்டம். நீங்க செடி வாங்கின வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

"விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே மேடம்"

இது இல்லாம எந்தப் பேச்சும் முடியறதில்ல. பாதி உண்மை. விவசாய வருமானத்துக்கு நேரடியா வரி இல்ல. ஆனா அது வருஷத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டினா, உங்க சம்பளம் எந்த ஸ்லாப்ல நிக்கும்னு கணக்குப் போட அதைச் சேர்த்துக்குவாங்க. ஒரு உதாரணம். புது வரி முறை, 2025-26. கழிவு போக உங்க சம்பள வருமானம் 14 லட்சம். அதுக்கு வரி 90,000. இப்போ தோட்டத்துல 60,000 லாபம்னு வைங்க. 14.6 லட்சத்துக்கு வரி 99,000. அதுலேர்ந்து 4 லட்சம் பிளஸ் 60,000, அதாவது 4.6 லட்சத்துக்கான வரி 3,000ஐக் கழிச்சா 96,000. ஆக "வரி இல்லாத" 60,000ஆல உங்க வரி 6,000 ஏறுச்சு, செஸ் சேர்த்து 6,240. அதோட ஐ.டி.ஆர்.-1 போட முடியாது, ஐ.டி.ஆர்.-2 போகணும்.

இங்க மரக்காணத்துக்காரங்களுக்கு ஒரு ருசியான விஷயம். சி.ஏ. பாடப் புத்தகத்துல விவசாய வருமானம் *இல்லாததுக்கு* குடுக்கிற வழக்கமான உதாரணம் என்ன தெரியுமா? நிலத்துல கடல் தண்ணியைப் பாய்ச்சி எடுக்கிற உப்பு. பாத்தி கட்டி, தண்ணி விட்டு, வெயில்ல நின்னு வாரினாலும் அது விவசாயம் கிடையாது. மண்ணை உழுது, விதைச்சு, நட்டாதான் விவசாயம்னு 1957லேயே உச்ச நீதிமன்றம் ராஜா பினய் குமார் வழக்குல சொல்லிடுச்சு. அதே சமயம் தொட்டியில வளர்த்து விக்கிற நர்சரிச் செடி விவசாய வருமானம்தான். சௌந்தர்யா நர்சரி வழக்குல நம்ம சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது, பின்னாடி சட்டத்துலயும் நர்சரி வருமானத்தைச் சேர்த்துட்டாங்க. அந்த அப்பா முப்பது வருஷம் பாத்தியில நின்னது சட்டத்துக்கு விவசாயம் இல்ல, மொட்டை மாடித் தொட்டி விவசாயம். நான் தீர்ப்பு எழுதறவ இல்ல, விட்டுடறேன்.

தோட்டப் பழத்துல ஜாம் போட்டு விக்கிறீங்களா? ஜாம் லாபம் வியாபார வருமானம். பழம் வரைக்கும்தான் விவசாயம்.

வீக்எண்ட் ஃபார்ம் மனை வாங்க நினைக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு, ஏன்னா பெரி தோட்டம் காட்டித்தான் அதையும் விக்கறாங்க. "கிராம விவசாய நிலம், விக்கும்போது மூலதன ஆதாய வரியே இல்ல"ன்னு சொல்லுவாங்க. மரக்காணம் பேரூராட்சி. மக்கள்தொகை 10,000க்கு மேல, ஒரு லட்சத்துக்குக் கீழ. அதனால பேரூராட்சி எல்லையிலேர்ந்து நேர்கோட்டுல 2 கிலோமீட்டர் தாண்டி இருந்தாதான் அது வருமான வரிச் சட்டத்துக்கு கிராம நிலம். அதுவும் உண்மையா பயிர் நடந்திருக்கணும். மனையா பிரிச்சு அங்கீகாரம் வாங்கிட்டா அந்தப் பேச்சே இல்ல. கழுவேலி ஏரியை 2021 டிசம்பர்ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சிருக்காங்க, 5,000 ஹெக்டேருக்கு மேல. மனை அதுக்கு எவ்வளவு பக்கம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள வருதான்னு ரெண்டையும் முன்பணம் குடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க.

அப்போ கருப்பா, புளிப்பா, பறிச்சு வாயில போட்டுக்க எதுவுமே வேண்டாமா?

வேணும். களாக்காய் வைங்க. பழுத்தா ப்ளாக்பெரி மாதிரியே கருநீலம். கம்பம் வேண்டாம், கம்பி வேண்டாம், முள்ளு இருக்கிறதால அதுவே வேலி. வறட்சி தாங்கும், ஓரளவு உப்பும் தாங்கும். காயா இருந்தா ஊறுகாய், பழமா இருந்தா ஜெல்லி நல்லா உறையும். பேக்கரியில க்ரீம் பன் மேல "செர்ரி"ன்னு சிவப்பா ஒண்ணு வைக்கறாங்களே, அது பல இடத்துல சாயம் போட்டு பாகுல ஊறின களாக்காய்தான்! இடம் இருந்தா ஒரு நாவல் மரம். அதுக்கு ஆங்கிலத்துல இந்தியன் ப்ளாக்பெரின்னே ஒரு பேர் உண்டு. ஆன்லைன்ல "ப்ளாக்பெரி விதை"ன்னு வாங்கறவங்க, உள்ள எது இருக்குன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

இதையும் முதலீடுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இருபது களாக் கன்னு வச்சா மொத்தச் செலவு உங்க ஒரு மாச ஃபுட் டெலிவரி பில்லைத் தாண்டாது. காய்க்கலைன்னாலும் இ.எம்.ஐ. வராது.

தம்பி கிட்ட நான் கேட்ட கேள்விகள் வேற. அப்பாவுக்கு 62, அம்மாவுக்கு 55. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ்ல பெத்தவங்க இருக்காங்களா? இல்ல. அப்பா கண்ணை கடைசியா எப்போ டாக்டர் கிட்ட காட்டினது? முப்பது வருஷம் வெள்ளை உப்பு மேல பட்டு வர்ற வெயிலைப் பார்த்த கண்ணு அது. அவருக்குப் பதில் தெரியல. அவசரத்துக்குன்னு தனியா எவ்வளவு இருக்கு? 22,000. மாசம் 10,100 இ.எம்.ஐ. கட்ட முடியும்னு முடிவு பண்ணின ஒருத்தரால, அதே 10,100ஐ பெத்தவங்களோட மெடிக்கல் பாலிசிக்கும் அவசர நிதிக்கும் பிரிச்சுப் போடவும் முடியும். பாலிசி எடுக்கும்போது அப்பாவோட பழைய நோய் எதையும் மறைக்காதீங்க, காத்திருப்புக் காலம் எத்தனை வருஷம்னு படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. பாலிசி எடுத்த உடனே எல்லாத்துக்கும் பணம் வராது, அதனாலதான் அவசர நிதி பக்கத்துலயே இருக்கணும்.

இவ்வளவு சொல்லியும் சிலருக்கு மனசு கேக்காது, தெரியும். அவங்களுக்கு ஒரு வேலை. திண்டிவனத்துல வேளாண் பல்கலைக்கழகத்தோட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. உங்க தோட்டத்து மண்ணையும் தண்ணியையும் பரிசோதனைக்குக் குடுங்க. தண்ணி மாதிரியை தை மாசத்துல எடுக்காதீங்க, அப்போ எல்லா கிணறும் நல்ல பேர் வாங்கும். சித்திரை, வைகாசியில, மோட்டாரை பத்து நிமிஷம் ஓட விட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணியில ரெண்டு தடவை அலசிட்டுப் பிடிங்க. ரிப்போர்ட்ல ஈ.சி.ங்கிற வரியைப் பாருங்க. தண்ணியில 1ஐத் தாண்டியிருந்தா ப்ளாக்பெரிக்கு நட்டம் அங்கயே ஆரம்பிச்சாச்சு. அந்தத் தாளை கையில வச்சுக்கிட்டு பேக்கேஜ் விக்கிறவங்களுக்கு போன் போட்டு, இந்தத் தண்ணிக்கு செடிக்கு எத்தனை கிலோ வரும்னு எழுத்துல கேளுங்க.